வாழி பாடாத கூத்து

தவமலரின் மகள் விதுர்ஷிகா, வீட்டில் விது, கடைசி வருடச் செய்முறைப் பரீட்சைக்கென்று காலையில் இருபத்துநாலு வயதுப் பிள்ளையாகப் பல்கலைக்கழகத்துக்குப் போய், பின்னேரம் எழுபது வயதுக் கிழவியாகப் படலையைத் திறந்துகொண்டு வந்தபோது, தவமலர் முற்றத்தில் காயப்போட்டிருந்த மிளகாயைப் பாயோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள், ஏனென்றால் வாவிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது, நனைந்தால் மிளகாய் பழுதாகிப் போகும். வந்த கிழவி செருப்பைக் கழற்றி ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டாள். அந்த ஊரில் செருப்பை அப்படிப் போடுகிற ஆள் ஒருத்திதான். சின்ன வயதில் அம்மியில் விழுந்து வெட்டின தழும்பும் நாடியில் இருந்தது, தோல் சுருங்கினதில் கொஞ்சம் கோணலாய்ப் போயிருந்தாலும். தவமலர் பாயை விறாந்தையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, தேத்தண்ணி ஒண்டு ஊத்துங்க. பஸ்ஸுல சரியான சனம்," என்றாள் கிழவி. "ஆனா ஏறின உடனே ஒரு தம்பி எழும்பி இடம் தந்தார். நாலு வருசத்துல இண்டைக்குத்தான் எனக்கு சீட் கிடைச்சது."

தவமலர் தேத்தண்ணி ஊற்றினாள். பிள்ளை களைத்து வந்தால் முதல் வேலை அதுதானே, மற்றதெல்லாம் பிறகு. கிழவி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதிக் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, தேங்காயெண்ணெயும் பழந்துணியும் எடுத்து வந்து அவள் கன்னத்தில் பூசித் துடைத்தாள். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை.

"மேக்கப் எல்லாம் அங்கேயே கழுவிட்டன் அம்மா. கீறின கோடெல்லாம் போயிட்டு. இது மிச்சம்."

"அப்ப தலைமயிர்?"

"நரைக்குப் பூசின பவுடரைக் கழுவினன். அதுக்குக் கீழ நரைதான் இருந்தது."

நடந்தது இதுதான். கடைசி வருடப் பிள்ளைகள் தாங்களே ஒரு கூத்துக் கட்டி ஆட வேண்டும் என்பது நுண்கலைப் பீடத்து வழக்கம். விதுவின் குழு கட்டினது, தோணித்துறையில் சோற்றுப் பொதியோடு மகனுக்குக் காத்திருக்கிற ஒரு வயதுபோன தாயின் கதை. தாயாக ஆடினது விது. ஆடிக்கொண்டு மேடைக்கு வருகிற வரவுக்குப் புள்ளி இருந்தது, ஆட்டத்துக்குப் புள்ளி இருந்தது, பாட்டுக்கும் ஒப்பனைக்கும் முகபாவத்துக்கும் புள்ளி இருந்தது, கடைசியில் எல்லாரும் கூடி வாழி பாடி முடிக்கிறதற்கு மட்டும் புள்ளி இருக்கவில்லை, அதனால் எந்தக் குழுவையும் வாழி வரைக்கும் போகவிடுகிறதில்லை, பார்க்க வேண்டியதைப் பார்த்ததும் மணி அடித்துவிடுவார்கள். அன்றைக்கும் விது பொதியைக் கையில் ஏந்திக்கொண்டு துறையைப் பார்த்து நின்ற இடத்தில், புள்ளி போட இருந்த ஞானசேகரம் சேர் மணியை அடித்து, "போதும் பிள்ள, நல்லம்," என்றார். விது பொதியோடு அப்படியே இறங்கி வந்துவிட்டாள். மகன் வரவில்லை, சோறு கொடுபடவில்லை, வாழி பாடப்படவில்லை. ஒப்பனை அறையில் கண்ணாடியைப் பார்த்துத் துடைத்துக்கொண்டே போக, தாயின் முகம் மட்டும் இறங்காமல் நின்றுவிட்டது.

அன்று விளக்கு வைக்கிற நேரம் தவமலர் சாமிப்படத்துக்கு முன்னால் வழமையை விடக் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். கணவர் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தெடுத்தது தன் கை பாதி, பிள்ளையார் கை பாதி என்று நினைக்கிறவள் அவள், அதனால் அவரோடு கதைக்கிறதில் கூச்சம் இல்லை. "பிள்ளையாரே, என்ட பிள்ளை பழையபடி ஆகிறவரைக்கும் நான் சோறு தொடமாட்டன்," என்று நேர்த்தி வைத்தாள். பிறகு குசினிக்குப் போய் மகளுக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டுத் தான் ஒரு துண்டு பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டாள். சோற்றின் மணம் குசினி முழுக்க நின்றது.

மறுநாள் விடிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து மரகதம் வந்தாள். மரகதத்துக்கு அறுபத்துமூன்று வயது, வாய் இன்னும் பதினாறு.

"என்னகா தவம், மகளுக்கு ஒரேயடியா வயசு போயிட்டு எண்டு கதைக்கிறாங்க."

"ஓம் அக்கா. சோதனையில."

"கெம்பசுக்கு விட்டா இப்படித்தான். தங்கராசாட மகன் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான். இது கொஞ்சம் கூடிப் போச்சு." மரகதம் விறாந்தையில் இருந்த விதுவைச் சுற்றிவந்து பார்த்தாள். "எனக்கு இப்ப ஒரு கரைச்சல் இரிக்கு புள்ள. நீ என்னை விட மூத்தவ. உன்னை நான் அக்கா எண்டு சொல்லோணுமா, இல்ல வழமை போல ஏசலாமா?"

"மாமி, ஏசுங்க. ஏசாட்டித்தான் எனக்குப் பயம்."

"அப்ப சரி. கதிரையில ஏறி இரு, சீமெந்துக் குந்தில இருந்தா குளிர் முழங்காலுக்குள்ள போகும்."

அதுவே ஊரின் முடிவாகவும் ஆகிவிட்டது. பெயர் சொல்லித்தான் கூப்பிடுவது, ஆனால் கதிரை கொடுப்பது. கோயிலில் பெடியன்கள் அவளுக்கு வழி விட்டார்கள், கோயிலுக்கு வெளியே முன்பு போலவே பகிடி விட்டார்கள். மாதக் கிளினிக்கில் தாதி அவளுக்கு பிரஷர் பார்த்து, கூடித்தான் இருக்கிறது என்று குளிசை கொடுத்தாள். முதியோர் சங்கத்தில் இருந்து வந்து, கதிர்காமம் போகிற பஸ்ஸில் ஒரு இடம் இருக்கிறது, வாறியா பிள்ள என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மட்டும் ஏமாந்து போனார். பழங்கதை கதைக்க ஆள் கிடைத்தது என்று சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "எழுபத்தெட்டுச் சூறாவளியில நீங்க எங்க இருந்த?" என்று கேட்டார்.

"நான் அப்ப பிறக்கவே இல்லையே ஐயா," என்றாள் விது.

"ஓ," என்றார் அவர். கொஞ்ச நேரம் தோடம்பழம் உரித்துத் தின்றார். "வயசு மட்டும்தான் வந்திரிக்கு. ஞாபகம் வரல்ல."

"இல்ல ஐயா, அது வரல்ல."

கட்டாரில் வேலை செய்கிற மூத்தவன் கோகுலன் வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் எடுப்பான். அந்த வெள்ளி எடுத்தபோது, "அம்மா, பக்கத்துல ஆரு?" என்றான். தவமலர் போனைத் திருப்பிக் காட்டி, "தங்கச்சி," என்றாள். அவன் நெடுநேரம் பார்த்தான். "விது, வயசு போனா நீ இவ்வளவு வடிவா இரிப்பாய் எண்டு நான் நினைக்கவே இல்ல," என்றான். பிறகு திரையில் அவனுடைய அறைச் சுவரும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன, கவரேஜ் சரியில்லை என்று குரல் மட்டும் வந்தது, குரல் தெளிவாகத்தான் கேட்டது.

பல்கலைக்கழகமும் பழகிக்கொண்டது. வாசல் காவலாளி அடையாள அட்டையில் இருக்கிற படமும் ஆளும் பொருந்தவில்லை என்று மறித்தார், அவர் மேலும் பிழை இல்லை. கிராம சேவகர் ஒரு கடதாசியில், மேற்படி படத்தில் இருப்பவரும் மேற்படி முதியவரும் ஒருவரே என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார், அதோடு அது தீர்ந்தது. நடனப் பிரிவுப் பிள்ளைகள் அவளைக் கண்டால் கும்பிடப் போய், பிறகு நினைவு வந்து கையை ஆட்டினார்கள். ஓவியப் பிரிவுப் பிள்ளைகளுக்குத்தான் கொண்டாட்டம். இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருக்கிற ஒரு வயதான முகம் கிடைக்காமல் தவித்தவர்கள், விதுவைப் பிடித்து யன்னல் பக்கம் இருத்திச் சுற்றிவர உட்கார்ந்து கரிக்கட்டியால் கீறினார்கள், சிலர் நேரே இருந்து, சிலர் பக்கவாட்டில் இருந்து, ஒருத்தி முதுகுக்குப் பின்னால் இருந்துகூட. கீறி முடித்து எல்லாப் படத்தையும் சுவரில் வைத்துப் பார்த்தபோது, எந்தப் பக்கத்தில் இருந்து கீறின படத்திலும் அவள் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகைக் கீறின படத்தில்கூட அந்த முதுகு வாசலைப் பார்க்கிற முதுகாகத்தான் இருந்தது.

அது தவமலருக்கு முன்பே தெரியும். ஒவ்வொரு நாளும் வெயில் சாய்கிற நேரம் விது குசினிக்குள் வந்து வாழையிலையை வாட்டி, சோறும் கறியும் வைத்து, பொதி கட்டி எடுத்துக்கொண்டு வாவிக்கரைத் தோணித்துறைக்குப் போனாள். பாலம் கட்டின பிறகு அந்தத் துறைக்குத் தோணி வருகிறதே இல்லை, வெறும் படிக்கட்டும் இரண்டு கொக்கும்தான். முதல் நாள் தவமலர் பின்னால் போய்ப் பக்கத்தில் இருந்தாள்.

"ஆரைப் பார்த்துக்கொண்டிரிக்காய் மகள்?"

"ஒருத்தரையும் இல்லம்மா. எனக்கு மகன் இல்ல எண்டு எனக்குத் தெரியும். தலைக்குத் தெரியுது, கைக்குத் தெரியல்ல. நேரம் வந்தா கை பொதி கட்டுது, கால் நடக்குது."

"சோத்தை நீயே சாப்பிடன்."

"அவிழ்க்க ஏலாம இரிக்கு."

இருட்டுகிறதற்கு முன்னால் எழும்பி வருவார்கள். பொதியைப் படலைக்கு வெளியே நாய்களுக்கு வைப்பாள் தவமலர், நாய்கள் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும், மறுநாள் காலையில் அப்படியே இருக்கும், கெடாமலும் இருக்கும்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், பிள்ளை உயிரோடு பக்கத்தில் இருக்கிறாள் என்று தவமலர் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். இரவில் மகளின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகையில், இடது முழங்கால் சில்லுக்கு உள்பக்கமாக ஒரு இடத்தில் விரல் பட்டால் விது முகம் சுளிப்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். மழைக்கு முதல் நாளே அந்த இடம் வீங்கும். கூடப் படித்த நிரோஜன் கிழமைக்கு இரண்டு தரம் தைலப் போத்தலோடு சைக்கிளில் வருவான். அவனுக்கு விதுவில் விருப்பம் என்பது தவமலருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தாள். இப்போதும் அவன் விதுவுக்குப் பக்கத்தில் இருந்து பழையபடி கெம்பஸ் கதைதான் கதைத்தான், போகும்போது மட்டும் படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பான்.

ஆனால் வயது நிற்கவில்லை. முதலில் எழுபது என்று சொல்லக்கூடியதாக இருந்தவள் பிறகு எழுபத்தைந்து மாதிரி ஆனாள், பிறகு எண்பது. காது மந்தமாகியது. துறைக்குப் போக அரை மணித்தியாலம் எடுத்தது, பிறகு தவமலரின் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள், பிறகு மரகதமும் ஒரு பக்கம் பிடிக்க வேண்டி வந்தது. ஒரு காலையில் தலை வாருகையில் சீப்போடு கொத்தாக நரைமயிர் வந்தது, தவமலர் அதைச் சுருட்டி விதுவுக்குக் காட்டாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். காத்திருக்கிற வேலை ஆளைத் தேய்த்துக்கொண்டு போகிறது என்று அவளுக்கு விளங்கியது. அன்று சாமிப்படத்துக்கு முன்னால் நின்று, இளமையைத் திருப்பித் தா என்று அவள் கேட்கவில்லை. "பிள்ளையாரே, முறை ஒண்டு இரிக்குத்தானே. நான்தான் முன்னுக்குப் போகோணும். என்ட கையால என்ட பிள்ளைக்கு வாய்க்கரிசி போட வைக்காத," என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள்.

ஞானசேகரம் சேர் கதிரை இழுத்துப் போட்டார். மேசையில் அந்த மணி இருந்தது, பூசை மணி அளவில் ஒரு பித்தளை மணி.

"சேர், பிள்ளையள்ற கூத்துல முடிவு என்ன?"

"மகன் வருவான் அம்மா. தாய் சோறு குடுப்பா. அவன் சாப்பிடுவான். எல்லாரும் வாழி பாடுவாங்க."

"அதை ஒருக்காவாவது ஆடினவங்களா?"

அவர் மணியை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். "இல்ல அம்மா. நான்தான் அடிச்சன். எத்தனை குழு, ஒரு பகலுக்குள்ள எல்லாரையும் பார்த்து முடிக்கோணும். அண்டையில இருந்து நானும் இதைத்தான் யோசிக்கிறன். வந்து சொல்லத்தான் வெக்கமாக் கிடந்தது."

"அப்ப முடிச்சு வைப்பமா சேர்?"

"முடிப்பம். புள்ளி கிடைக்காது."

"புள்ளியை விடுங்க சேர்."

"இன்னொண்டு இரிக்கு அம்மா. முடிவு ஒருத்தருக்கும் தெரியாது. எங்கட பிள்ளையள் மணி வரைக்கும்தான் பழகிறவங்க. எழுத்திலயும் 'பின்னர் மகன் வருதல், வாழி' எண்டு ஒரு வரிதான் இரிக்கும். ஒவ்வொரு வருசமும் அப்படித்தான்."

மகன் வேடம் நிரோஜனுக்கு. ஒத்திகைக்கெல்லாம் வேடம் கட்டித் திரைக்குப் பின்னால் நின்று நின்று, ஒரு தரம்கூட மேடைக்கு வராமலே பரீட்சை முடிந்தவன் அவன். சேர் கூப்பிட்டுச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டான். "சேர், அவக்கு மகனா நான் எப்படி?" என்றான். "அப்ப வேற வழி சொல்லு," என்றார் சேர். வழி இல்லை. பிள்ளைகள் கூடி இருந்து மகன் வருகிற பாட்டும் வாழியும் அவசரமாகக் கட்டினார்கள், கட்டக் கட்ட விது தேய்ந்துகொண்டிருந்தாள், அதனால் அரைகுறையாகத்தான் கட்ட முடிந்தது.

குறித்த நாளில் ஊர்ச்சனம் வாடகைக்கு ஒரு வான் பிடித்துப் போனது. பீடத்து மண்டபத்தில் யன்னல் எல்லாம் திறந்து பகல் வெளிச்சம். ஓவியப் பிள்ளைகள், நடனப் பிள்ளைகள், கன்டீன் அம்மா கரண்டியோடு, கிராம சேவகர், தபால்காரர், கிளினிக் தாதி எல்லாரும் பாய் விரித்து இருந்தார்கள். விதுவைப் பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். மடியில் அவள் காலையில் கட்டின பொதி இருந்தது. சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் பொரித்த மிளகாயும். கறி கூட்டின தேங்காய்ப்பாலைத் தவமலரே பிழிந்து கொடுத்திருந்தாள், வாயூற ஊறப் பிழிந்தாள். அன்றுவரைக்கும் அவள் சோறு தொடவில்லை, பாணும் மரவள்ளியும் பழமும்தான், சீலை இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருந்தது.

மத்தளம் விழுந்ததும் விதுவின் கால் தானாகத் தரையைத் தட்டியது. யாரும் பிடிக்காமல் எழும்பினாள். எழும்பி, நடுங்குகிற குரலில், ஆனால் சுருதி பிசகாமல் பாடினாள்:

போன தோணி திரும்பக் காணேன் – என்
பொதிச்சோறு ஆறுதே,
ஆன மட்டும் பார்த்திருந்தேன் – என்
அந்தி வானம் மாறுதே.

பாடி ஆடி, பொதியை ஏந்தித் துறையைப் பார்த்து நின்றாள். மணி அடித்த இடம் அது. எல்லாரும் சேரின் கையைப் பார்த்தார்கள். அவர் இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மத்தளக்காரப் பிள்ளை அடியை நிறுத்தவில்லை. திரை விலகி, மீசையும் தலைப்பாகையுமாக நிரோஜன் வந்தான்.

"அம்மா, நான் வந்திட்டன்," என்றான்.

கிழவி அவனைப் பார்த்தாள். அவ்வளவு சுருக்கத்துக்கு நடுவிலும் அந்த முகம் இருபத்துநாலு வயதாகச் சிவந்தது. "நிரோஜன், மீசை கழருது," என்றாள் மெதுவாக. சனம் சிரித்தது. அவன் மீசையை அமத்திக்கொண்டு வெளியே போய் மறுபடியும் வந்தான், மறுபடியும் சொன்னான். அவள் பொதியை நீட்டினாள். நீட்டின கை திறக்கவில்லை. அவன் பொதியைப் பிடித்து இழுத்தும் பார்த்தான், அந்த மெலிந்த விரல்கள் விடவில்லை.

"ஏலாம இரிக்கு," என்றாள் விது. "இவனை மகன் எண்டு பார்க்க எனக்கு ஏலாது. கைக்கும் அது தெரியும்."

சிரிப்பு நின்றது. மத்தளம் மட்டும் ஒரே அடியில் போய்க்கொண்டிருந்தது. நீட்டின கையில் நரம்பு புடைத்து எழும்பியது, அவள் அந்த நிலையிலேயே இன்னும் கிழடாகிக்கொண்டு போவதைப் பாயில் இருந்தவர்கள் கண்ணால் கண்டார்கள். வாழையிலை மணம் மேடையில் இருந்து இறங்கிப் பாய்க்கு வந்தது. மரகதம் தவமலரின் காதுக்குள் குனிந்தாள்.

"தவம், உன்ட வயிறு கத்துறது மத்தளத்துக்கு மேலால கேக்குது."

தவமலர் சாமியை நினைத்தாள். நேர்த்தி நேர்த்திதான். பிள்ளை பழையபடி ஆகாமல் சோறு தொடமாட்டேன் என்றது அவளுடைய வாய். சொன்ன சொல்லை உடைத்தால் பிள்ளைக்குத்தான் வந்து விடியும் என்று பயந்தாள், உடைக்காவிட்டாலும் பிள்ளைக்குத்தான் என்று அந்தக் கையைப் பார்த்தால் தெரிந்தது. பிள்ளையாரோடு பிறகு கதைத்துக்கொள்ளலாம், அவரும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே, என்று எழும்பினாள். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறி, நிரோஜனை ஒரு பக்கமாக விலக்கி, மகளுக்கு முன்னால் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தாள்.

"அம்மா," என்றாள் தவமலர். "பிந்தித்தான் வந்தன். பசிக்குது. சோறு தாங்க."

கிழவி குனிந்து பார்த்தாள். தன்னை விட வயது குறைந்த, நரை இப்போதுதான் விழத் தொடங்கின, பசியில் கன்னம் ஒட்டின ஒரு பெண் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. மெதுவாக நிலத்தில் இருந்து, பொதியை அவிழ்த்து, சோற்றையும் பால்கறியையும் சேர்த்துக் குழைத்து, மிளகாயைக் கிள்ளி வைத்து, முதல் பிடியைத் தவமலரின் வாயில் ஊட்டினாள்.

தவமலர் சாப்பிட்டாள். எத்தனை நாளைக்குப் பிறகு சோறு, கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாயாலும் இருக்கலாம். சேர்தான் முதலில் வாழி எடுத்தார். பிள்ளைகளுக்கு அரைவாசி தெரிந்தது, மீதிக்கு ஆளுக்கொரு வரி வாயில் வந்ததைப் போட்டார்கள். வாவி வாழி, வயல் வாழி, வந்த மழை வாழி, ஆடினவர் வாழி, அடித்த மத்தளம் வாழி, படம் கீறின பிள்ளைகள் வாழி. "சமைச்சவங்களும் வாழி," என்று கன்டீன் அம்மா கரண்டியைத் தூக்கினாள். "ஏசினவங்களும் வாழி," என்றாள் மரகதம். "மணி அடிச்சவனும் வாழி," என்று சேர் சொல்ல, எல்லாரும் சிரித்துக்கொண்டே அதையும் இரண்டு தரம் பாடினார்கள்.

சனம் என்ன கண்டது என்று ஆளுக்கொரு விதமாகப் பிறகு சொன்னார்கள். தவமலர் கண்டது கையை மட்டும்தான், அதுதான் முகத்துக்கு அருகில் வந்து வந்து போனது. முதல் பிடி ஊட்டின கையில் நரம்பு புடைத்திருந்தது. அடுத்தடுத்த பிடிகளில் நரம்பு உள்ளே போனது, மூட்டு வீக்கம் வடிந்தது, தோல் இழுபட்டது. கடைசிப் பிடியில், பரீட்சைக்கு முதல் வாரம் பூசி அரைவாசி உரிந்த நகப்பூச்சு திரும்பி வந்திருந்தது, அதில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.

"அம்மா," என்றாள் விது, இலையை மடித்துக்கொண்டு. "எல்லாத்தையும் நீங்களே சாப்பிட்டீங்க. எனக்குப் பசிக்குது. கன்டீன்ல ஏதும் இரிக்குமா?"

திரும்பி வருகிற வழியில் வானுக்குள் இடம் போதாமல் அவளை நின்றுகொண்டு வரச் சொன்னார்கள், இளம் பிள்ளைதானே என்று. முதியோர் சங்கம் கதிர்காமப் பயணத்தில் அவளுடைய இடத்தைத் தபால்காரருக்குக் கொடுத்தது. மரகதம் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், தன்னை விட மூத்தவள் ஒருத்தி பக்கத்து வீட்டில் இருந்தது தனக்கு வசதியாக இருந்ததாம். அடுத்த வருடத்தில் இருந்து பீடத்தில் வாழிக்கும் புள்ளி வைத்தார்கள், அதனால் இப்போது பிள்ளைகள் வாழியை மட்டும் நன்றாகப் பழகுகிறார்கள், வரவில்தான் கொஞ்சம் தடுமாறுகிறார்கள். நிரோஜன் இன்னும் சைக்கிளில் வருகிறான், தைலப் போத்தல் இல்லாமல், வந்ததற்கு என்ன சாட்டுச் சொல்வதென்று தெரியாமல். தவமலர் இன்னும் தெரியாத மாதிரித்தான் இருக்கிறாள்.

வாழி பாடின அன்று வீட்டுக்கு வந்ததும் தவமலர் கைப்பழக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மகளின் காலடியில் போய் இருந்துவிட்டாள். விது சிரித்துக் காலை இழுத்தாள்.

"இப்ப நோவு இல்லம்மா."

"இரி, சொல்லோணும்." தவமலர் இடது முழங்காலில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இதுதான் இடம். மழைக்கு முதல் நாளே வீங்கும். வீங்கினா நிலத்துல இராத, கதிரையில இரு. எண்ணெயைச் சூடாக்கி, கீழ இருந்து மேலால தேய்க்கோணும். காதும் இடப்பக்கம்தான் முதல்ல மந்தமாகும், ஆக்களை வலப்பக்கம் இருத்திக் கதை. பிரஷர் குளிசை வெறுவயித்துல போடாத, தலை சுத்தும்."

"இதெல்லாம் இப்ப ஏன் அம்மா?"

"அப்ப நான் இரிக்கமாட்டன்தானே. அதான் இப்பவே சொல்றன்."

விது காலைத் திரும்ப நீட்டினாள். தவமலர் எண்ணெய் பூசித் தேய்த்துவிட்டாள், நோவு இல்லாத காலுக்கு.

ஓவியப் பிள்ளைகள் கீறினதில் ஒரு படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண், வாழி பாடின நாளுக்குப் பிறகு நேரே பார்க்கத் தொடங்கியிருந்தது. எங்கே மாட்டுவதென்று தவமலர் யோசித்தாள். செத்தவர்கள் படம் இருக்கிற சுவரில் மாட்டக் கூடாது, கலியாணப் படங்களோடும் சேராது. கடைசியில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில், கலண்டருக்குக் கீழே மாட்டினாள். நேர்த்தியைப் பற்றிப் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டு, மூன்று தேங்காய் உடைத்து முடித்துவிட்டாள், அவரும் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் விளக்கு வைத்துக் கும்பிட்டு முடித்துத் திரும்புகிற நேரம், தான் இல்லாத ஒரு காலத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிற அந்தக் கிழவியின் முகத்துக்கு முன்னால் கொஞ்சம் நிற்பாள்.

"சாப்பிட்டியா மகள்?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுத்தான் குசினிக்குப் போவாள்.